இடப்பெயர்ச்சியில் நான் விட்ட ஒரு மார்க்

ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாளுக்குப் படித்தபோது என்னை அதிகம் குழப்பிய சொல் இடப்பெயர்ச்சி. இயற்பியல், வேதியியல், உளவியல் மூன்றிலும் வருகிறது. மூன்று வரையறைகளையும் மனப்பாடம் செய்துவிட்டு, மாதிரித் தேர்வில் உளவியல் கேள்வியைத் தவறவிட்டேன். அதன்பிறகு வரையறையை ஓரமாக வைத்தேன். நகர்வது எது, அது விட்டுப்போன இடத்தில் என்ன ஆகிறது என்று மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

இயற்பியலில் சிக்கல் குறைவு. 7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் பாதி சுற்றினால் நடந்த தூரம் 22 மீட்டர்; தொடங்கிய இடத்திலிருந்து நின்ற இடத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் வரும் இடப்பெயர்ச்சி 14 மீட்டர். முழுதாகச் சுற்றி வந்தால் பூஜ்யம்.

வேதியியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். உரக்கடையில் கொஞ்சம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) வாங்கி, பிறகு எதற்கும் எடுக்காத பழைய கண்ணாடி டம்ளரில் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஆணியில் செம்பழுப்பாகப் படியத் தொடங்கியது. விட்டுவைத்தால் நீலமும் வெளிறிப் பச்சை சாயும். இரும்பு உள்ளே போக, தாமிரம் வெளியே வருகிறது. தாமிரக் கம்பியை இரும்பு சல்பேட்டில் போட்டால் ஒன்றும் நடக்காது. உலோகங்களை வினைபுரியும் திறன்படி அடுக்கிய வினைத்திறன் வரிசையில் தாமிரம் இரும்புக்குக் கீழே. கேள்வி பெரும்பாலும் இங்கேதான் வரும்.

நான் மார்க் விட்டது உளவியலில். மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் வழிகளாக உளவியலாளர் ஃபிராய்டு வழிவந்த தற்காப்பு உத்திகளில் இது ஒன்று. சில புத்தகங்களில் இடமாற்றம் என்றிருக்கும். தலைமையாசிரியர் திட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைமேல் காட்டுவது இடப்பெயர்ச்சி. கோபம் அதேதான், ஆள்தான் வேறு. தனக்கிருக்கும் பொறாமையை மறைத்து, 'அவனுக்குத்தான் என்மேல் பொறாமை' என்றால் அது புறத்தெறிதல். நான் இரண்டையும் மாற்றிப் போட்டேன். ஆள் மாறுகிறாரா, உணர்வின் சொந்தக்காரர் மாறுகிறாரா என்று பாருங்கள்.

மக்கள் ஊர்விட்டுப் போவதற்கு இடப்பெயர்வு, இடம்பெயர்தல் என்பார்கள். எனக்கு அது மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணைக்காக ஊரைக் காலி செய்த குடும்பம் எங்கள் பாட்டியுடையது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பாட்டி கரையில் நின்று, "அதோ, அந்தப் பக்கந்தான் நம்மூரு" என்று கை நீட்டுவார். இடப்பெயர்வு என்ற சொல்லைப் படிக்கும்போது அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வரும்.