வாசல் தெரிகிற நாற்காலி

"பதிவுக்கோ பிள்ளை?" என்று கேட்டார் என் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்த அம்மா.

முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார், இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார், கண் இமைக்காமல் கேமராவை நேரே பார்த்தார். பேரனுக்கு அனுப்பும் படம்தான் என்று மகள் சொன்ன பிறகும் தோள் தளரவில்லை. 2009இல், போர் முடிகிறபோது, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமுக்குள் போய் வந்தவர்களுக்குக் கேமரா என்றாலே பதிவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் பதிவில் வளர்ந்தவள். 1990இல் அப்பாவும் அம்மாவும் மன்னாரில் படகேறினார்கள். நான் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். செக்கிங் நாளில் வரிசையில் நின்று தலையைக் காட்டினால்தான் நாங்கள் இருக்கிறோம் என்று கணக்கு. போர் முடிந்து சில வருடம் கழித்து அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். எனக்கு அது புது நாடு.

இப்போது கிளிநொச்சிக்குக் கிட்ட, முறிகண்டிப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில், ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் மானியத்தில் கட்டிய வீடு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 550 சதுர அடி. முன்னறையில் ஆறடி தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுக்கலாம், அதைவிடக் கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும். ஏ9 வீதியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள் கையோடு கச்சான் (வேர்க்கடலை) பையும் கொண்டு வருவார்கள். படம் எடுத்து முடிவதற்குள் தரையெல்லாம் கோது. எனக்கு அது சந்தோஷம்தான். கச்சான் உடைக்கிற கைக்கு முழங்காலில் விறைத்துக் கிடக்க நேரமில்லை.

ராமநாதபுரத்தில் எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன், முகத்துக்கு வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் உத்தமம் என்பார். ராமநாதபுரமும் கிளிநொச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, அதனால் வெயில் மட்டும் எனக்கு ஊர் மாறவில்லை. சித்திரை பிறக்கிறபோது சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அப்புறம் ஆவணி வரை வடக்கே சாய்ந்திருப்பதால் அந்த ஜன்னலிலும் நேர் வெயில் விழும். அந்த மாதங்களில் அப்பாவின் பழைய வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுவேன். மாறியது மண்தான். மண்டபத்தில் வெள்ளை மணல். இங்கே முற்றத்துச் செம்மண்ணில் பட்டு வருகிற வெளிச்சம் தாடைக்குக் கீழே செம்மஞ்சளாக ஏறும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சாக்கு விரித்த பிறகு தோல் நிறம் சரியானது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, பின்னால் மங்கிய சாம்பல் துணி. ஃப்ளாஷ் கிடையவே கிடையாது. திடீர் வெளிச்சத்துக்குத் திடுக்கிடுகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் நாற்காலி. உட்கார்ந்திருப்பவருக்கு வாசல் தெரிய வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். நான் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன், கேமராவும் அவர் கண் உயரத்துக்கு இறங்கிவிடும். முதலில் பிளேன்ரீ, கொஞ்சம் ஊர்க்கதை. அந்த அம்மாவையும் அப்படித் திருப்பி உட்கார வைத்தேன். தேத்தண்ணி பாதி குடித்திருப்பார், முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஆரின்ரை ஆடு அது? முருங்கையைத் தின்னுது, கலைச்சு விடு பிள்ளை!" புருவம் ஏறி, வாய் பாதி திறந்து, கழுத்து முன்னால் வந்த அந்த முகத்தைத்தான் எடுத்தேன். பேரனுக்கு அதைத்தான் அனுப்பினார்கள்.

இங்கே எத்தனையோ வீட்டில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்த வழியில் ஆல்பங்கள் போய்விட்டன. மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான். 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் உறவுகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் உட்கார்ந்த அம்மாக்கள் பிடித்திருந்ததும் பெரும்பாலும் அப்படிப்பட்ட படங்களைப் பெரிதாக்கியவைதான். பெரிதாக்கித் தரச் சொல்லி என்னிடமும் வருகிறார்கள். கீறலைத் துடைப்பேன், முகத்தில் கை வைக்க மாட்டேன். கோட்டு சூட்டும் மாட்டிவிட மாட்டேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் மழை இருட்டினால் மண்டபத்து டீக்கடை பஜ்ஜி வாசம் மூக்கில் ஏறும். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை எங்கள் வீட்டுச் சண்டையாகக் கேட்ட அந்தப் பத்தடி அறை, எல்லாம் வரும். அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன பிள்ளை, திரும்ப இந்தியாவோ?" என்பார்.

மாரி வந்தால் விறாந்தைத் தகரத்தில் விழும் மழையில் ஆள் பேசுவது கேட்காது. பேச்சில்லாமல் என் வேலை நடக்காது. அதனால் தகரத்துக்கு மேல் கிடுகு வேயப் போகிறேன். ஓலைக்கு அப்பா ஆள் பிடித்துவிட்டார்.