முப்பத்தேழு வயதில் ஐடிஐ ஃபிட்டர்

திருப்பூரில் பல வருடம், துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் தைத்தவள் நான். தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்கிற பீஸ் ரேட்டில், மிஷின் நின்றால் கூலியும் நிற்கும். ஊசிக்கும், அடியில் நூலைக் கோக்கும் லூப்பருக்கும் டைமிங் தப்பிவிட்டால் மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தானாகவே நூல் அறுக்கிற மிஷின்கள் வந்த பிறகு எங்கள் லைனில் ஆட்கள் குறைந்தார்கள். மெக்கானிக்குகளுக்கோ வேலை கூடியது. நானும் அந்தப் பக்கம் போனால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில், அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர ஆண்களுக்கு 40 வயது வரைதான். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. எங்கள் லைனில் இது ஒருத்திக்கும் தெரியாது. அக்கா மகனுக்கு விண்ணப்பம் போடப் போன இடத்தில், உதவி மையத்தில் இருந்த மேடம் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கட்டணம் 50 ரூபாய். அங்கேயே எனக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டோம்.

வீடு மாறியதில் மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தது. படித்த பள்ளிக்கூடத்தில் நகல் கேட்டதற்கு, தொலைந்ததற்கான போலீஸ் ரசீது வேண்டும் என்றார்கள். அதற்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கத் தேவையில்லை, காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். வயதுகூடிச் சேர வருகிற பெண்கள் பலர் இந்தக் காகித வேலையிலேயே சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் சேர்ந்தது ஃபிட்டர் பிரிவில். இயந்திர பாகங்களை அளவாக ராவிப் பொருத்தச் சொல்லித்தரும் இரண்டு வருடப் படிப்பு அது. முதல் மாதங்கள் முழுக்க அரமும் ஹேக்சாவும்தான். இரும்புத் தகட்டை ராவி, மூலை மட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். இடுக்கில் ஒளி கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். நாள் முழுக்க நின்றதில் இடுப்பு விட்டுப்போனது. ஆனால் அளவு எனக்குக் கைவந்தது. தையலில் கண் பழகியிருந்ததால், வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் பார்ப்பது சீக்கிரமே பிடிபட்டது. கணக்குதான் மலைப்பாக இருந்தது. பக்கத்து பெஞ்சுப் பையன்கள், "அக்கா, இப்படிப் போட்டுப் பாருங்க" என்று மதிய இடைவேளையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதவும் அவர்கள்தான் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை, பஸ் பாஸ் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. குடும்பம் நடத்த அது காணாது. சாயங்காலம் வீட்டில் பிசிர் வெட்டும் வேலை எடுத்துச் செய்தேன், அம்மா வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட வேண்டியது தாய்தானே. ஐடிஐ வளாகத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தால் எத்தனை பெண்கள் வருவார்கள்!

என்னை உலுக்கியது படிப்பு முடிந்த பிறகு போன தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்தான். உதவித்தொகை வாங்கிக்கொண்டு கம்பெனியில் வேலை பழகுகிறவர்தான் தொழிற்பழகுநர். ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் முன்பே வயதைக் கேட்டார்கள். "இருபத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லைங்க" என்று மேஜைக்கு மேஜை அதே பதில். 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம் குறைந்தபட்ச வயதை மட்டுமே சொல்கிறது, உச்ச வயது எதையும் சொல்லவில்லை. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. அரசு வயதுத் தடையை எடுத்துவிட்டு எங்களைப் படிக்க வைக்கிறது, கம்பெனி அதே தடையைத் தன் வாசலில் திரும்பப் போடுகிறது. அப்படியானால் அந்த இரண்டு வருடத்துக்கு யார் பதில் சொல்வது? முகாம் நடத்தும் அதிகாரிகள் இதை நிறுவனங்களிடம் கேட்க வேண்டும்.

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த சார் ஒருவர் போன் போட்டுப் பேசி, ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் சேர்த்துவிட்டார். பழகுநருக்கு மாதாமாதம் உதவித்தொகைதான். தையலில் வந்ததைவிடக் குறைவுதான், தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். பழகுநர் காலம் முடிந்ததும் அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவில் இப்போதைக்குப் பெண் நான் ஒருத்திதான்.

சேர நினைக்கும் அக்கா தங்கைகளுக்கு: பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும் சமயத்தில்தான் விண்ணப்பம் திறக்கும். செல்போனில் தனியாகத் தடுமாற வேண்டாம், பக்கத்து அரசு ஐடிஐக்கு நேரில் போங்கள். கலந்தாய்வு முடிந்துவிட்டதென்றாலும் காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.