லண்டனில் ஓட்டிய காரை ரெங்கத்துக்குக் கொண்டு வருவதென்றால்

தீபாவளி நெருங்கினால் ஜொகூரில் ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் பக்கம் ஒட்டுக்கடைகளில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். லண்டனிலோ மெல்பர்னிலோ வேலை பார்க்கும் பிள்ளை போனில் சொல்லியிருப்பான்: "இங்க அந்தக் காரு அறுபதாயிரம் வெள்ளிதான் மாமா, கப்பல்ல போட்டா வந்துடும்." வந்துவிடும், சந்தேகமில்லை. துறைமுகக் கேட்டைத் தாண்டி வருவதற்குத்தான் அந்த அறுபதாயிரத்துக்கு மேல் இன்னொரு தொண்ணூறாயிரம் வேண்டியிருக்கும். அதோடு, தேதி தப்பாத தாள்களும் வேண்டும். பணம் குறைந்தால் எங்கேயாவது புரட்டலாம். தேதி தப்பினால் எந்த ஏஜெண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் தாள் ஏபி. மிட்டி என்று நாம் சொல்லும் முதலீடு, வணிகம், தொழில் அமைச்சு தரும் இறக்குமதி அனுமதி இது. பிராண்டு கம்பெனிகளுக்கு பிரான்சைஸ் ஏபி, வெளிநாட்டில் ஓடிய காரைக் கொண்டு வந்து விற்கும் ரீகோன் வியாபாரிகளுக்கு ஓப்பன் ஏபி, வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் தனி ஆளுக்குத் தனியாக ஒன்று. ஓப்பன் ஏபிக்கு 2010 முதல் காருக்கு 10,000 வெள்ளி கட்டணம் உண்டு. ரீகோன் கடையில் நீங்கள் கேட்கும் விலைக்குள் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பொருந்துவது தனி ஆளுக்கான ஏபி. அதற்கு அடிப்படை நிபந்தனைகள்: படிப்புக்கோ வேலைக்கோ முறையான விசாவில் குறைந்தது ஒரு வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும், கார் அவர் பெயரில் குறைந்தது ஒன்பது மாதம் இருந்திருக்க வேண்டும், வலது பக்க ஸ்டியரிங்காக இருக்க வேண்டும், கையில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஏபி கிடைத்த பிறகுதான் காரைக் கப்பலில் ஏற்ற வேண்டும்.

அதிகம் பேர் மாட்டுவது இந்த ஒன்பது மாதத்தில்தான். ஊருக்குத் திரும்ப முடிவெடுத்த பிறகு "வாங்கிட்டே போயிடுவோம்" என்று கடைசி நேரத்தில் கார் வாங்குவார்கள். அது தேறாது. மனைவி பெயரில் பதிந்த காருக்கு கணவன் விண்ணப்பித்தாலும் தேறாது. கம்பெனி லீஸ் எடுத்துக் கொடுத்த கார் என்றால் அது உங்கள் காரே இல்லை. தவணை பாக்கியிருந்தால் முதலில் அதைக் கட்டி முடித்து, முடித்ததற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள்.

பிரிட்டனில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே வி5சி என்ற பதிவுப் புத்தகத்தை எல்லாரும் நம்ம ஊர் கிரான் என்ற கார் உரிமைத் தாள் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். காரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார் என்பதுதான் அதில் இருக்கும். உரிமைக்கு அது ஆதாரம் அல்ல என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே வாங்கிய இன்வாய்ஸும் பணம் கட்டிய வங்கி ரசீதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நாட்டை விட்டு நிரந்தரமாகக் கொண்டு போகிறேன் என்ற பகுதியை நிரப்பி அங்குள்ள பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும் முன், வி5சி முழுவதையும் கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி. பாஸ்போர்ட்டில் முருகன் ஏ/எல் சுப்பிரமணியம் என்று இருக்கும், ஏ/எல் என்றால் இன்னாரின் மகன். அங்கே கார் விற்பவன் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, ஏ/எல்லைத் தூக்கிவிட்டு, "மிஸ்டர் சுப்பிரமணியம்" என்று பில் போட்டுவிடுவான். வி5சியில் ஒரு மாதிரி, இன்சூரன்சில் ஒரு மாதிரி, கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் இன்னொரு மாதிரி. சுங்கத்துறை கவுன்டரில் இது மூன்று ஆளாகத்தான் தெரியும். வாங்கும் நாளிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரை எழுதச் சொல்வது சுலபம். தவறிவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு உறுதிமொழிக் கடிதம் செய்து தாள்களோடு வைக்க வேண்டியிருக்கும்.

இனி கணக்கு. சுங்கத்துறை வரி போடுவது சிஐஎஃப் மதிப்பின் மேல்: கார் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்தது. அதன் மேல் இறக்குமதி வரி 30 விழுக்காடு. அந்த வரியையும் சேர்த்து வந்த தொகையின் மேல் கலால் வரி. அதையும் சேர்த்து வந்த தொகையின் மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. வரிக்கு வரி, அதற்கும் வரி. சாதாரண காருக்குக் கலால் வரி 1,800 சிசிக்குக் கீழே 75 விழுக்காடு, 1,800 முதல் 1,999 வரை 80, 2,000 முதல் 2,499 வரை 90, 2,500 முதல் 105. எம்பிவிக்கும் ஃபோர் வீல் டிரைவுக்கும் சின்ன இஞ்சின்களில் இது கொஞ்சம் குறையும்.

சிஐஎஃப் 60,000 வெள்ளி, 1,998 சிசி செடான் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 18,000, ஆக 78,000. அதில் 80 விழுக்காடு 62,400, ஆக 140,400. அதில் 10 விழுக்காடு 14,040. மொத்தம் 154,440. வரி மட்டும் 94,440 வெள்ளி. அதே 60,000 வெள்ளிக்கு 2,494 சிசி கார் என்றால் வரி 103,020 ஆகிவிடும். ஆகவே பேரம் பேசும் முன் சிசியைப் பாருங்கள். விற்பவன் "டூ லிட்டர்" என்று சொல்வதை நம்பாமல் பதிவுத் தாளில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

"ஒப்பந்தம் இருக்கிற நாட்டிலிருந்து வந்தா இறக்குமதி வரி இல்லையாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சலுகை கார் எங்கே செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கே வாங்கினீர்கள் என்பது கணக்கில்லை. அதற்குப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய தனி ஆளுக்கு அந்தச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. 30 விழுக்காடு என்றே கணக்குப் போட்டு வையுங்கள், குறைந்தால் லாபம்.

இன்வாய்சில் இருக்கும் விலையைச் சுங்கத்துறை அப்படியே எடுத்துக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த மாடல், அந்த ஆண்டு காருக்கு என்ன மதிப்பு என்று அவர்களும் பார்ப்பார்கள். நண்பனிடம் சல்லிசாக வாங்கியது உண்மையாகவே இருந்தாலும், பணம் கை மாறியதற்கு வங்கித் தாள் இல்லாவிட்டால் பேச்சு எடுபடாது. விலையைக் குறைத்து இரண்டாவது இன்வாய்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டிடமிருந்து விலகிவிடுங்கள். பொய் அறிக்கைக்கு 1967 சுங்கச் சட்டத்தில் வழக்கு போடுவது அறிக்கையில் பெயர் உள்ளவர் மீதுதான். நாணய மாற்றும் சுங்கத்துறை வெளியிடும் விகிதத்தில்தான் நடக்கும், மணி சேஞ்சர் விலையில் இல்லை. பவுண்டு ஏறும் காலத்தில் 3, 4 விழுக்காடு கூடுதலாகக் கையில் வைத்திருப்பது நல்லது. வரி கட்டாமல் கார் வெளியே வராது. கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் துறைமுக வாடகை ஓடும்.

நிரந்தரமாகத் திரும்பும் நிபுணர்களுக்கு டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனம் நடத்தும் திட்டத்தில் ஒரு காருக்கு 100,000 வெள்ளி வரை வரி விலக்கு உண்டு. தகுதி இருந்தால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். ஆனால் அதற்கு வெளிநாட்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கப்பலில் இரண்டு வழி. ரோரோ கப்பலில் காரை ஓட்டியே ஏற்றுவார்கள். கூலி குறைவு, ஆனால் காருக்குள் சாமான் வைக்கக் கூடாது, டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. கொண்டெய்னரில் 20 அடிப் பெட்டிக்கு ஒரு கார். சும்மாதானே வருகிறது என்று டிக்கியில் பிள்ளையின் கம்பளிச் சட்டை, மிக்சி, டிவியெல்லாம் அடைக்கிறார்கள். அவை அறிக்கையில் இல்லையென்றால் பெட்டி முழுவதும் பரிசோதனைக்குப் போகும். ஸ்பேர் டயர், ஜாக், டூல்ஸ் போதும்.

நம்பர் விஷயம் ரொம்ப நுணுக்கம். ஐரோப்பியக் காருக்கு வின் என்ற சேசிஸ் எண் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் வராது. ஆகவே ஓ மாதிரி தெரிவது பூஜ்யம், ஐ மாதிரி தெரிவது ஒன்று. ஜப்பானில் ஓடிய காருக்கு 17 எழுத்து இருக்காது. ஏஜிஎச்30 என்று மாடல் குறியீடு, ஒரு சிறுகோடு, பிறகு ஏழு இலக்கம் என்ற மாதிரி இருக்கும். அந்தச் சிறுகோட்டை ஒரு தாளில் விட்டு இன்னொரு தாளில் போட்டாலே கம்ப்யூட்டரில் பொருந்தாமல் போகும். ஏபி, பில் ஆஃப் லேடிங், கே1 இறக்குமதிப் படிவம், இன்சூரன்ஸ் கவர் நோட், நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கே1 போவதற்கு முன் திருத்துவது ஒரு ஈமெயில் வேலை. போன பிறகு பெரிய அலைச்சல்.

அடுத்தது பரிசோதனை நிலையம். அங்கே சேசிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் தாளோடு வைத்துப் பார்ப்பார்கள். பிரிட்டனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவதால் அங்கிருந்து வரும் காரின் அடிப்பக்கம் துருவேறியிருக்கும். இஞ்சின் பிளாக்கில் உள்ள நம்பர் எண்ணெயும் அழுக்கும் மூடிக் கண்ணுக்கே தெரியாது. டீகிரீசர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். வொர்க்‌ஷாப் தம்பி அவசரத்தில் உப்புத்தாள் எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நம்பருக்கு மேல் புதுக் கீறல் விழுந்தால் எண்ணை மாற்றிய கார் என்ற சந்தேகம் வரும், பிறகு அதைத் தெளிய வைப்பது உங்கள் பாடு. முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சம் விட வேண்டும். பின்பக்கம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் 2019 முதல் தடையில்லை.

துறைமுகத்திலிருந்து காரை ஓட்டி வர நினைக்க வேண்டாம். ரோட் டேக்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, நம்ம ஊர் நம்பர் பிளேட் இல்லை. கார் ஏற்றும் லோரிதான். பிறகு வரிசை இப்படி: பரிசோதனை அறிக்கை, சேசிஸ் நம்பரை வைத்து இன்சூரன்ஸ், அதன் பிறகு ஏபி, கே1, வரி ரசீதோடு ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு. பதிவு முடிந்தால் நம்பர் கிடைக்கும், ரோட் டேக்ஸும் எடுக்கலாம். 1,998 சிசி செடானுக்கு வருடம் 379 வெள்ளி: 280 அடிப்படை, 1,800க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. 2,494 சிசி செடான் என்றால் 874 வெள்ளி. கார் வந்த பிறகு வருடா வருடம் கட்ட வேண்டியது இது, இதையும் முன்பே எண்ணிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லுங்கள், இங்கே பதிந்த ஆண்டை அல்ல. இரண்டையும் குழப்பிக் கூடுதல் மதிப்புக்கு எடுத்தால், விபத்துக்குப் பிறகு கம்பெனி சந்தை மதிப்பைத்தான் தரும், கூடுதலாகக் கட்டிய பிரீமியம் போனது போனதுதான். பிரிட்டன் காரின் மீட்டர் மைலில் ஓடும். 40,000 மைல் என்பது 64,000 கிலோமீட்டருக்கு மேல். ஜப்பான் காரில் இன்னொரு சின்ன ஏமாற்றம்: பழைய ரேடியோ 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நம்ம ஊர் வானொலிகளான மின்னலும் ராகாவும் கேட்காது. பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும்.

சிங்கப்பூர் காரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம பக்கம் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அக்கரையில் வேலை. சிங்கப்பூர் நம்பர் கார் இங்கே விருந்தாளிதான். வர விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் வந்தால் 300 வெள்ளி அபராதம். அதை அப்பா அம்மா ஓட்டட்டும் என்று தோட்டத்து வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க சிங்கப்பூர் தரும் உரிமச் சான்று, பத்து வருடம் முடியும் கார்களைச் சல்லிசாகத் தருகிறேன் என்று வரும் ஆட்கள்தான் பெரிய ஆபத்து. வரி கட்டாமல் உள்ளே வந்த சிங்கப்பூர் காருக்கு, இங்கே உடைந்துபோன அதே மாடல் காரின் நம்பரையும் கிரானையும் மாட்டி விற்பார்கள். குளோன் கார் என்பது அதுதான். சந்தையில் 45,000 வெள்ளிக்குப் போகும் கார் 12,000க்கு வருகிறதென்றால் காரணம் வேறென்ன இருக்கும்? பிடிபட்டால் கார் போகும். வரி கட்டாத பொருளை வைத்திருப்பதே சுங்கச் சட்டம் 135ஆம் பிரிவில் குற்றம் என்பதால், விற்றவன் காணாமல் போன பிறகு வழக்கில் நிற்பது வாங்கியவர்.

இத்தனை சிரமம் வேண்டாம் என்பவர்கள் ரீகோன் கடைக்குப் போகிறார்கள், பெரும்பாலோருக்கு அதுதான் சரி என்பது என் கருத்து. ஒன்பது மாதக் கணக்கு, கப்பல், வரி எல்லாம் வியாபாரி பாடு. அங்கே நிற்கும் கார்கள் பல நேரம் சுங்கத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் வரி கட்டாமல் இருப்பவை. நீங்கள் முன்பணம் கட்டிய பிறகுதான் கே9 படிவம் போட்டு வரி கட்டி வெளியே எடுப்பார்கள். "ரெண்டு வாரம் ஆகும் அண்ணே" என்று இழுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முன்பணம் கொடுக்கும் முன் ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். தரம் 4, 4.5 என்றிருந்தால் பரவாயில்லை. ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த கார். ஏலத் தாளில் உள்ள சேசிஸ் நம்பரும் கிலோமீட்டரும் காரோடு பொருந்துகின்றனவா என்று பானெட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். கார் கைக்கு வரும்போது வரி ரசீதின் நகல் ஒன்றும் வாங்கி கிரானோடு வையுங்கள்.