தங்கச்சியின் ஓஎல் சான்றிதழ்

லண்டனில் அகதி வழக்குகள் பார்க்கும் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களோடு இருந்து வாக்குமூலம் எழுதுவது, கடிதங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் சேர்த்துக் கோப்புக் கட்டுவது, விசாரணை நாளில் கூடப் போவது, இவைதான் என் வேலை. பெரும்பாலும் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்து ஆட்கள். "கேஸ் வெல்லுமா அக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் நான் பார்க்க விரும்புவது அவர்களுடைய ஸ்கிரீனிங் இன்டர்வியூத் தாள்களை.

வந்து இறங்கியதும் நடக்கும் சின்ன நேர்காணல் அது. ஏன் வந்தீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார்கள். பயணக் களைப்பு, தூக்கமில்லை, எதிரே சீருடையோ கணினியோ. "ஆமி பிடிச்சது, அடிச்சது" என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் கழித்துப் பெரிய இன்டர்வியூ. அங்கே இரண்டு தடவை பிடிபட்ட கதையும் வரும், சிஐடி வீட்டுக்கு வந்த கதையும் வரும். அப்புறம் மறுப்புக் கடிதத்தில் ஒரு பத்தி: முதலில் ஒரு கைது என்றீர், இப்போது இரண்டு என்கிறீர், ஆகவே நம்ப முடியவில்லை. மேல்முறையீட்டில் குடிவரவு ட்ரிபியூனல் நீதிபதியின் முன் எங்கள் பாதிச் சண்டை இந்தப் பத்தியோடுதான்.

தேதிகள் இன்னும் மோசம். வன்னியிலிருந்து வந்த ஒரு தம்பி (ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) இரண்டாவது கைது 2010இல் என்று இன்டர்வியூவில் சொல்லியிருந்தார். என்னிடம் 2011 என்றார். எது சரி என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார். "மழைக்காலம் அக்கா, அது மட்டும் தெரியும். அவை திருப்பித் திருப்பிக் கேட்டவை, ஒரு வருசத்தைச் சொன்னன்."

இப்படிப்பட்டவர்களிடம் நான் கைதைப் பற்றி முதலில் கேட்பதில்லை. ஒரு நீளத் தாளை எடுத்து, எல்லோருக்கும் தெரிந்த நாட்களைக் குறிப்பேன். 2004 டிசம்பர், சுனாமி. 2006 ஆகஸ்ட், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை பூட்டியது. 2009 ஜனவரி 2, கிளிநொச்சி விழுந்தது. அதே ஆண்டு மே, முள்ளிவாய்க்கால். பிறகு, தப்பி வந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாம். அந்த நேரம் எங்கே இருந்தீர்கள், யார் கூட இருந்தார்கள், வீட்டில் எந்தப் பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் கதை தானாக வந்து தன் இடத்தில் உட்காரும். அந்தத் தம்பி சொன்னது இது: "நான் உள்ளுக்கு இருக்கேக்கதான் தங்கச்சி ஓஎல் எழுதினவ. அம்மா பூசா, வவுனியாத் தடுப்பு முகாம்களுக்கு அலைஞ்சதில அவவைச் சோதினைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை." ஊரிலிருந்து தங்கச்சியின் ஓஎல் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) சான்றிதழை எடுப்பித்தோம். பரீட்சை ஆண்டு 2011, டிசம்பர். அந்தத் தாள் அவர் சிறையிருந்ததை நிரூபிக்காது. ஆனால் ஆண்டை எப்படி நினைவுகூர்ந்தார் என்பதைக் காட்டும். விசாரணையில் அரசுத் தரப்பு அதிகாரி தேதியைப் பற்றி நிறையக் கேட்டார். தம்பி பொறுமையாகத் தங்கச்சியின் சோதினையைச் சொன்னார். தீர்ப்பில் நீதிபதி அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். நேர்காணலுக்குப் பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம். பலருக்கு அது தெரிவதில்லை. ஆண் மொழிபெயர்ப்பாளர் முன்னால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டு, பிறகு சொன்னால், ஏன் முதலில் சொல்லவில்லை என்ற கேள்வியைச் சந்திக்கிறார்கள்.

உடம்பில் தழும்பு உள்ளவர்களுக்கு மருத்துவ அறிக்கை எடுப்போம். சித்திரவதைக் காயங்களைப் பதிவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி, சொல்லும் காரணத்தோடு தழும்பு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று மருத்துவர் தரம் பிரித்து எழுதுவார். ஒரு காலத்தில் அதையும் தாண்டி, இந்தச் சூடு வைத்த காயங்களை வழக்குக்காக நீங்களே யாரையாவது கொண்டு போடுவித்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கு இதே காரணத்தால் தோற்று, 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. சித்திரவதைத் தழும்பை ஒருவர் தானே விரும்பிப் போடுவிப்பது மிக மிக அரிது என்பதையும் சேர்த்துத்தான் சாட்சியத்தை எடைபோட வேண்டும் என்று சொல்லி, வழக்கைத் திருப்பி விசாரிக்க அனுப்பினார்கள். கேவி வழக்கு என்பார்கள். சூடு வாங்கிய முதுகை மருத்துவருக்குக் காட்டச் சட்டையைக் கழற்றுவதற்கே கை நடுங்கும் ஆட்களோடு இருந்திருக்கிறேன். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமென்று யாருக்காவது தோன்றியதே எனக்கு இன்றும் தாங்கவில்லை.

"சண்டை முடிஞ்சுதே, இப்ப என்ன பயம்?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். இலங்கை வழக்குகளுக்கென 2013இல் வந்த ஜிஜே வழிகாட்டித் தீர்ப்பின்படி, புலிகளோடு இருந்த பழைய தொடர்பு மட்டும் போதாது. இலங்கை அரசு இன்று உங்களை நாட்டைப் பிரிக்க வேலை செய்கிறவராகப் பார்க்குமா என்பதே முக்கிய கேள்வி. 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பு, இங்கே செய்யும் அரசியல் வேலைகளை எப்படி எடைபோடுவது என்பதை விரிவாகச் சொன்னது. அதனால் போராட்டப் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் நின்ற படம் மட்டும் பெரிதாக உதவாது. அங்கே என்ன பொறுப்பு எடுத்தீர்கள் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

1987 டிசம்பரில் தீர்ப்பான ஆறு தமிழர்களின் வழக்கில்தான், ஆபத்துக்கு நியாயமான சாத்தியம் இருந்தால் போதும் என்ற அளவுகோல் இங்கே வந்தது. அந்த ஆறு பேரும் அந்த வழக்கில் வெல்லவில்லை. ஆனாலும் அவர்கள் பெயரால் வந்த அளவுகோல் பல நாட்டு அகதிகளைக் காத்தது. 2022 ஜூன் 28 முதல் பதிந்த அகதிக் கோரிக்கைகளுக்கு முதல் கட்டத்தில் அதைக் கடுமையாக்கிவிட்டார்கள். பயம் உண்மையா என்பதை, உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு நிறுவ வேண்டும். இது தவறென்றே நினைக்கிறேன். இதில் முதலில் அடிபடுவது, வருசத்தை மழையாலும் சோதினையாலும் ஞாபகம் வைத்திருக்கும் ஆட்கள்தான்.

மறுப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான். கடைசி நாட்களில் வந்து நின்றால் எங்களால் படிவத்தை மட்டுமே போட முடியும், நீளத் தாளை விரிக்க நேரமிருக்காது. கடிதம் கையில் கிடைத்த அன்றே வாருங்கள். ஸ்கிரீனிங் தாள்களையும், ஊரில் யாருடையதாக இருந்தாலும் தேதி போட்ட பழைய காகிதங்களையும் கொண்டு வாருங்கள்.