அப்பாவின் கால் புண்ணும் மத்தன் தைலமும்

திருகோணமலை உப்புவெளியில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு நெடுங்காலமாகச் சலரோகம் (நீரிழிவு). வலது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் நின்றபோது, சித்த வைத்தியத்தில் புண்ணுக்குப் பூசும் மத்தன் தைலம் போடலாமா என்று விசாரிக்கத் தொடங்கினோம். அப்போது அறிந்தவற்றை, இதே கவலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி கிளினிக்கில்தான் காட்டினோம். டொக்டர் பாதத்தின் நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழையொன்றால் உள்ளங்காலைத் தொட்டார். இழை விரலடியில் அழுந்தி வளைந்து நிற்கும்போதே, "இன்னும் தொடேல்லையா, டொக்டர்?" என்று அப்பா கேட்டார். நரம்பு மரத்துப்போனதால்தான் புண் வலிக்கவில்லை என்பதும், வலிக்காததால்தான் அவர் அதன்மேலேயே நடந்து திரிந்தார் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் விளங்கின. எலும்பில் கிருமி பற்றவில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, இறந்த தசையை வெட்டி அகற்றி, இன்சுலின் அளவையும் மாற்றினார்கள்.

அதன் பிறகே, கிளினிக் டொக்டரிடம் சொல்லிவிட்டு, பதிவுபெற்ற சித்த வைத்தியர் ஒருவரிடம் போனோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுவதால், எங்கள் ஊரில் முறையாகப் படித்தவரைத் தேடிக்கொள்வது கடினமல்ல. அவர் கிளினிக் கொப்பியைப் பார்த்த பின்னரே காலைப் பார்த்தார். "ஐயா, ஊசியை ஒரு நாளும் நிப்பாட்டக்கூடாது. புண் கறுத்தாலோ, மணத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ என்னட்ட வராமல் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொன்ன பிறகுதான் தைலத்தைப் பற்றிப் பேசினார்.

மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) ஆகியவற்றால் காய்ச்சப்படுவது, பச்சை நிறமானது. ஊமத்தையும் துத்தமும் நஞ்சு என்பதால் இது வெளிப்பூச்சுக்கு மட்டுமே உரியது, சிறுவர்கள் கைக்கு எட்டக்கூடாதது. எண்ணெயின் கசடைத் திரியாக உருட்டி நெருப்பில் காட்டும்போது சடசடவென்று பொரியாமல் எரிந்தால்தான் ஈரம் வற்றிப் பதம் வந்ததாகக் கொள்வார்கள். பதமும் துத்தத்தின் அளவும் பிசகக்கூடாத இந்த மருந்தை வீட்டில் காய்ச்சிப் பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். லேபல் இல்லாத போத்தலொன்றைக் கொண்டுவந்து, இதைப் பூசினால் இன்சுலினே தேவையில்லை என்று சொன்ன ஒருவரை நாங்கள் திருப்பி அனுப்பிவிட்டோம். அந்தப் பேச்சை நம்பிக் காலை இழப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

வடித்து ஆறவைத்த திரிபலா கசாயத்தால் புண்ணைக் கழுவி, தைலத்தில் நனைத்த கோஸ் துணியை வைத்துக் கட்டுவார்கள். துணி புண்ணில் ஒட்டாமல் உரிந்து வந்ததையும், ஓரங்கள் காய்ந்து வெடிக்காமல் இளஞ்சிவப்பாகத் தசை வளர்ந்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்ததற்கும், அப்பா அந்தக் காலை ஊன்றாமல் இருந்ததற்கும்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். காலை ஊன்றாதிருப்பதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. கோணேசர் கோயிலுக்கு ஏற முடியவில்லையே என்று நாள்தோறும் வருந்தினார்.

இப்போது புண் மூடிவிட்டது. ஆனால் மூடிய இடத்தில் மறுபடியும் புண் வருவது சாதாரணம் என்று இரண்டு வைத்தியர்களும் எச்சரித்திருக்கிறார்கள். எனவே இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறோம். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறோம். ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் விரலிடுக்குகளில் பூசுவதில்லை. வீட்டுக்குள்ளும் அவர் செருப்போடுதான் நடக்கிறார்.