இடாப்புப் பெயரும் வீட்டுப் பெயரும்

சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைதன் என்று கல்லூரிக் கணினி அறையில் இரண்டு செய்நிரல் மொழிகளை அடுத்தடுத்துப் படித்தவர்களுள் நானும் ஒருவன். பஸ்காலில் ஓர் அணியை, அதாவது ஒரே பெயரில் வரிசையாக அடுக்கிவைத்த மதிப்புகளின் தொகுதியை, அதே வகையைச் சேர்ந்த இன்னோர் அணிக்கு ஒப்படைத்தால் உறுப்புகள் யாவும் பிரதியாகும். பிறகு ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதைத் தொடாது. ஒரு கொப்பியைப் பார்த்து இன்னொரு கொப்பியில் எழுதுவதுபோல என்று எங்கள் ஆசிரியர் விளக்கினார். கொப்பியடிப்பதில் அனுபவம் இருந்தபடியால் அது எங்களுக்கு உடனே புரிந்தது.

உயர்தர வகுப்பில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான புள்ளிக் கணக்கைப் பைதனில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் நாள் முடிவில் நான்கு இல்லங்களின் புள்ளிகளையும் 'நேற்று = இன்று' என்று ஒரே வரியில் சேமித்துவிட்டு, மறுநாள் புள்ளிகளை 'இன்று' என்ற பட்டியலின் உறுப்புகளில் கூட்டிக்கொண்டு போனேன். மாலையில் இரண்டாம் நாள் முன்னேற்றம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தபோது நான்கு இல்லங்களுக்கும் 0 வந்தது. அஞ்சலோட்டத்தில் வென்ற இல்லத்தின் தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆசிரியர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இடாப்புப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எழும்பி வாறது ஒரே ஆள்தானே?" என்று கேட்டார். பைதனில் அந்தச் சமக்குறி புதிய பட்டியலை உண்டாக்குவதில்லை; நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலுக்கு இன்னொரு பெயரைச் சூட்டுகிறது, அவ்வளவுதான். 'நேற்று = இன்று[:]' என்று எழுதியதும் உண்மையான பிரதி கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஒவ்வோர் இல்லத்துக்கும் நிகழ்ச்சிவாரியாக ஓர் உட்பட்டியல் வைத்தேன். அப்போது அந்த வைத்தியமும் பலிக்கவில்லை. வெளிப்பட்டியல் மட்டுமே புதிதாகி, உள்ளேயிருந்த நான்கு பட்டியல்களும் இரண்டுக்கும் பொதுவாகவே இருந்தன. "மட்டையை மாத்தியிருக்கிறாய், உள்ளுக்குள்ள அதே தாள்தான்" என்றார். அடுக்கடுக்காக உள்ளே சென்று யாவற்றையும் பிரதியெடுக்கும் 'டீப்கொப்பி' என்ற செயற்கூற்றை, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்துதரும் செய்நிரல் துண்டை, அன்றுதான் அறிந்தேன்.

இந்த ஏற்பாட்டைப் பைதனின் குறையென்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர் வேலைக்கு வந்து பெரிய தரவுகளைக் கையாண்டபோது எண்ணம் மாறியது: 64 பிற் கணினியில் 10 இலட்சம் உறுப்புகள் கொண்ட பட்டியலின் மேலோட்டமான பிரதிக்கே, அதாவது வெளிப்பட்டியலை மட்டும் எடுப்பதற்கே, ஏறத்தாழ 80 இலட்சம் பைற்றுகள் வேண்டும். ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் அதைப் பிரதியெடுத்து அனுப்பினால் நினைவகமும் நேரமும் வீணாகும். பஸ்காலிலும் இதற்காகவே பெரிய அணிகளை, பிரதியெடுக்காமல் மூலத்தையே கொடுக்கும் 'வார்' என்ற சொல்லால் குறித்து அனுப்பச் சொல்லித் தந்தார்கள். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தோமே தவிர, ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.