சூடானதும் ஊஞ்சலாடும் ஐட்லிங்: பழைய கொரோலாவில் காற்று எங்கே புகுகிறது?

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங், அதாவது அக்சிலேட்டரில் கால் வைக்காமல் எஞ்சின் ஓடும் வேகம், 1400, 1500இல் ஒழுங்காக நிற்கும். உப்புவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு வந்து நிறுத்தியதும் ஆட்டம் தொடங்கும். ஆர்பிஎம் முள் 1000க்கும் 1800க்கும் இடையில், இரண்டு வினாடிக்கு ஒரு தடவை, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏசியைப் போட்டால் அடங்கும். ஓட்டோ கியரை டி-யில் வைத்தாலும் அடங்கும். ஏசியை நிறுத்தினால், கியரை எடுத்தால் மறுபடி ஊஞ்சல்.

இதற்குப் பிளக், பிளக் வயர், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றுவது காசைக் கடலில் போடுகிற வேலை. மிஸ் அடிக்கும் எஞ்சினுக்கு இப்படித் தாளம் தப்பாமல் ஆட வராது. இங்கே எழுதுவது 1990களின் கொரோலாவில் வரும் 5ஏ-எஃப்ஈ, 4ஏ-எஃப்ஈ எஞ்சின்களுக்கு. காபரேட்டர் வண்டிக்குப் பொருந்தாது.

நடப்பது இதுதான். அக்சிலேட்டரில் கால் இல்லை, துரொட்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியின் கதவு) மூடியிருக்கிறது. ஆனால் வேறு ஏதோ வழியால் காற்று அளவுக்கு மிஞ்சி உள்ளே போகிறது. இந்த எஞ்சின்கள் மனிஃபோல்டின் (துரொட்டிலுக்குப் பின்னால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாயின்) அழுத்தத்தை வைத்தே பெற்றோல் அளவைத் தீர்மானிப்பவை. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெற்றோலும் கிடைப்பதால் வேகம் ஏறுகிறது. துரொட்டில் மூடியிருக்க வேகம் மட்டும் உயர்ந்தால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்பியூட்டர்) நினைத்துப் பெற்றோலை வெட்டிவிடும். வேகம் விழும், பெற்றோல் திரும்ப வரும், மறுபடி ஏறும். ஏசியின் சுமை வேகத்தை, பெற்றோல் வெட்டப்படும் எல்லைக்குக் கீழே பிடித்து வைப்பதால்தான் அப்போது அமைதி. ஏர் ஃப்ளோ மீற்றர் உள்ள வண்டிகளில் இதே கசிவு வேறு மாதிரித் தெரியும்: அளக்கப்படாத காற்று புகுந்து கலவை மெலிந்து எஞ்சின் குலுங்கும்.

உறுதிப்படுத்த அரை நிமிடம் போதும். ஆடிக்கொண்டிருக்கும்போது துரொட்டில் பொசிஷன் சென்சரின் கனெக்டரைக் கழற்றுங்கள். துரொட்டில் மூடியிருப்பது ஈசியூவுக்குத் தெரியாமல் போகும், வெட்டுவதும் நிற்கும். ஆட்டம் நின்று முள் உயரத்தில் அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம், தேட வேண்டியது காற்றைத்தான்.

முதலில் ரேடியேட்டர். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். ரிசேர்வ் டாங்கியைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூடியின் ரப்பர் செத்திருந்தால் டாங்கி நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்திருக்கும். ஐட்லிங்குக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். துரொட்டில் பொடியின் அடியில் இரண்டு சிறிய ஹோஸ்கள் வழியாகக் கூலன்ட் ஓடுகிறது. பழைய வகைகளில் அங்கே மெழுகு வால்வு ஒன்று இருக்கும்: குளிரில் திறந்து கூடுதல் காற்று விடும், சூடு பட்டதும் விரிந்து மூடும். கூலன்ட் அங்கே போய்ச் சேராவிட்டால் எஞ்சின் கொதித்தாலும் அந்த வால்வுக்கு விடியற்காலைதான்.

சூடான எஞ்சினில் அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட வேண்டும். குளிர்ந்திருந்தால் காற்று அடைத்திருக்கிறது, அல்லது கறள் அடைத்திருக்கிறது. நம் ஊரில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் குறைந்தால் கையில் கிடைத்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறோம். கரையோரக் கிணறுகள் சவர், அந்த உப்பில் கறள் பிடிக்கிறது. எஞ்சின் ஆறியபின் ஹோஸ்களைக் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவி, புதிய கூலன்டும் வடிநீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். மொத்தம் ஆறு லீற்றர் அளவு பிடிக்கும். காற்றை வெளியேற்ற முன்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். அதற்காகக் கோணேசர் கோவில் ஏற்றம்வரை போகத் தேவையில்லை, ஜாக்கில் தூக்கி ஸ்டாண்ட் வைத்தால் சரி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை மூடி திறந்தபடி ஓடவிடுங்கள்.

எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'சூடான ஊருக்கு இது எதற்கு' என்று கழற்றி வீசும் மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். 82 பாகையில் திறக்க வேண்டிய அது இல்லாவிட்டால், சீராக ஓடும்போது எஞ்சின் உரிய சூட்டுக்கு ஏறாது. ஈசியூ குளிர்ந்த எஞ்சினுக்கான பெற்றோலையே கொடுத்துக்கொண்டிருக்கும்.

கூலன்ட் சரி, ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, துரொட்டில் தட்டுக்கு முன்னால் உள்ள சிறு துவாரத்தை விரலால் அடைத்துப் பிடியுங்கள். வேகம் விழுந்தால் குற்றவாளி ஐட்லிங் வால்வு, துரொட்டில் மூடியிருக்கும்போது ஈசியூ சொல்லும் அளவுக்குக் காற்று விடுவது. கழற்றிக் கரி நீக்கி, உள்ளே உள்ள உருளை தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். மோட்டர் பக்கத்தை கிளீனரில் ஊறப்போடக் கூடாது. அதன் நட்சத்திர ஆணிகள் உப்புக் காற்றில் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும், இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் தொட்டால் தலை வழுக்கிவிடும்.

அடைத்தும் வேகம் மாறாவிட்டால் கசிவு வேறிடம். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் பிசிவி ஹோஸையும் (எஞ்சினுக்குள் சேரும் புகையை மனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) துணி சுற்றிய குறட்டால் ஒவ்வொன்றாக நசுக்குங்கள். மனிஃபோல்ட் கேஸ்கெட்டுக்குப் பெற்றோலோ கிளீனரோ அடிக்காதீர்கள். தண்ணீர் ஸ்பிரே போதும், சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை.

கடைசியாக ஒன்று, டச்பேயிலிருந்து நிலாவெளிவரை கடலைப் பார்த்து நிற்கும் வண்டிகளுக்கு. கூலன்ட் வெப்பச் சென்சர் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்ட வேண்டும். சென்சர் நல்லதாக இருந்தும் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அந்தப் பச்சையின் தடையும் ஓமோடு சேரும். 300 ஓம் 1500 ஆகத் தெரியும், குளிர் என்று நினைத்து ஈசியூ ஐட்லிங்கை உயர்த்தும். இது எல்லைக்குள் இருக்கும் அளவு என்பதால் 22ஆம் கோட் (இந்தச் சென்சருக்கான பழுது எண்) விழாது, செக் எஞ்சின் விளக்கும் எரியாது. கனெக்டரின் முட்களைச் சுரண்டிச் சுத்தமாக்கி, சென்சருக்குப் பதிலாக 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் சென்சரை மாற்றலாம்.

வேலை முடிந்ததும் ஈசியூவின் நினைவை அழிக்க ஈஎஃப்ஐ பியூஸை அரை நிமிடம் கழற்றிப் போடுங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்ற பிறகு முள் 700, 800இல் நிற்க வேண்டும். ஆடாமல் ஆனால் 1000க்கு மேலேயே நின்றால் அக்சிலேட்டர் கேபிளைப் பாருங்கள். ஆட்டத்தை மறைக்க யாரோ அதை இழுத்துக் கட்டியிருப்பார்கள்.